முன்னிருக்கைக்காரர்

பழுது பார்த்த விமானம் முதல் தடவை மேலே ஏறும்போது முன்னிருக்கையில் அவர் இருப்பார். ஓட்டுவது யார் என்று கேட்கமாட்டார். சண்டையில் பறந்து பழகிய கேப்டனாக இருந்தாலும் சரி, முந்தாநாள்தான் தனியாகப் பறக்க அனுமதி வாங்கிய என்னைப் போன்ற கற்றுக்குட்டியாக இருந்தாலும் சரி, "நான் கை வச்சேன், நான் ஏறுறேன்" என்பார். வேறு பேச்சு கிடையாது. காக்கி அரைக்கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இறக்கையின் ஓரத்தில் துணியை மிதிக்காமல் கட்டையை மட்டும் மிதித்து ஏறி உட்கார்ந்துவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. மலாயாவில், ஈப்போவை அடுத்து, குனோங் ராபாட் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு எதிரே, ஈயம் எடுத்துத் தீர்ந்த நிலத்தில் மணலை நிரவி ஓடுதளம் போட்டிருந்தார்கள். நாங்கள்தான் அதை ஓடுதளம் என்றோம். பக்கத்துத் தோட்டத்து மாடுகளுக்கு அது மேய்ச்சல் வெளி. ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரே ஒரு விமானம். இரட்டை இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. முதல் உலகச் சண்டைக் காலத்தில் இங்கிலாந்தில் ராணுவப் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த வண்டி. சண்டை ஓய்ந்ததும் வேண்டாம் என்று கழித்துவிட்டதை எங்கள் பறப்புச் சங்கம் கப்பலில் வரவழைத்திருந்தது. மேலே வெள்ளி வண்ணம் அடித்திருந்தார்கள். மழையில் நனைந்தால் இறக்கைத் துணியில் பழைய ராணுவ வட்டங்கள் மங்கலாகத் தெரியும்.

கற்றுக்கொண்டவர்கள் ஐந்து பேர். தோட்டங்களில் உதவி மேலாளர்களாக இருந்த மூன்று வெள்ளைக்காரர்கள், ஈயச் சுரங்க முதலாளியான சீனத் தவுக்கே ஒருவரின் மகன் லியோங், பிறகு நான். என் அப்பா சுரங்கங்களுக்கு விறகு ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓடுதளத்து மணலை நிரவியது அவருடைய லாரிகள்தான். என்னைச் சேர்த்துக்கொள்ள அது ஒரு காரணம். அப்போது எனக்கு இருபத்தொரு வயது.

அந்த விமானத்தில் கற்றது லேசான காரியமில்லை. அதன் இஞ்சின், விசிறியோடு சேர்ந்து தானும் சுற்றும். வலப்பக்கம் திருப்பினால் மூக்கு கீழே போகும், இடப்பக்கம் திருப்பினால் மேலே போகும். வேகத்தைக் கொஞ்சமாகக் குறைக்க வழியில்லை. இறங்கும்போது பிடியில் உள்ள பொத்தானை அமுக்கி அமுக்கி இஞ்சினை நிறுத்தி நிறுத்தி விடவேண்டும். அதற்கு ஊற்றுவது விளக்கெண்ணெய். ஊற்றியதில் பாதி எங்கள் முகத்துக்கே திரும்பி வரும். உதட்டை நக்காமல் இருக்க முடியாது. முதல் மாதம் நாங்கள் ஐந்து பேரும் வயிறு கலங்கித்தான் திரிந்தோம். "இத வீட்டுலயே குடுத்திருப்பேனேடா" என்றாள் என் அம்மா.

முன்னிருக்கைக்காரரை, எங்களுக்குக் கற்றுக்கொடுத்த கேப்டன் 'ரிக்கர்' என்பார். இறக்கைகளையும் அவற்றைத் தாங்கும் கம்பிகளையும் கட்டி, விமானத்தைக் கோணாமல் வைத்திருக்கும் வேலை. அதற்கு முன் அவர் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் இஞ்சின் பார்த்தவர். அதற்கும் முன்னே, சண்டையில், இராக்கின் பஸ்ராவில் விமானம் பழுது பார்க்கும் கூடாரத்தில் வேலை செய்தவர். லியோங்கும் நானும் அவரை 'அண்ணே' என்போம். லியோங்குக்குத் தெரிந்த தமிழ் அநேகமாக அந்த ஒரு சொல்தான்.

நான் தனியாகப் பறக்கத் தொடங்கிய மறுநாளே இறங்குகையில் சக்கரங்களுக்கு நடுவே இருந்த மரச்சறுக்கை உடைத்துவிட்டேன். மூன்று நாளில் புதிதாகச் செய்து பொருத்தினார். "ஏறுங்க தம்பி" என்று முன்னிருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

"எனக்கு என் வேல மேல நம்பிக்கை இருக்கு. ஒங்களப் பத்தி எனக்கென்ன லா" என்றார்.

அவர் தலையின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கைக்குப் பேசும் குழாய் உண்டு. ஆசிரியர் திட்டுவதற்கான வழி அது. அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை. எந்தப் பயணத்திலும் பேசியதில்லை. தலை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிக் கீழே பார்க்கும். இறங்கியதும் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒரு எண்ணெய் டின் மேல் கால்மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். முகத்தில் வழியும் எண்ணெயைக்கூடத் துடைக்கமாட்டார். பயம் தெளிகிறது என்று நாங்கள் நினைத்தோம். பயத்தையும் மீறி ஏறுகிறார் பார் என்று மதிப்பு இன்னும் கூடியது.

கேப்டன் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசாத விருந்து இல்லை. "தன் உயிரை வைத்து உத்தரவாதம் கொடுக்கிற ஆள் எங்களிடம் இருக்கிறான்" என்பார். விருந்தாளிகள் கொட்டகைக்கு வந்து அவரைப் பார்த்துப் போவார்கள். சங்கத்தில் எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்லமுடியாது. செயற்குழுத் தலைவர் ஒரு பெரிய தோட்டத்து மேலாளர். தோட்டத்துக் கூலி விமானத்தில் உட்காருவது அவருக்கு உறுத்தல். ஆனால் உயிரைப் பணயம் வைக்கிறவனை இறக்கிவிடு என்று எப்படிச் சொல்வது?

கொட்டகைக்குச் சற்றுத் தள்ளி அவர் வீடு. இறக்கைத் துணி கிழிந்தால் இரட்டை நூல் கோத்துத் தைத்துக் கொடுப்பது அவர் மனைவி. அப்போது அந்த அக்காவுக்கு ஆறு மாதம். ஒரு நாள் துணி வாங்கப் போனபோது ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நீங்க படிச்சவரு. ஒவ்வொரு தடவையும் அவரு ஏறித்தான் ஆகணுமா? சட்டமா?"

"சட்டம் இல்லக்கா. அவரு நேர்மை அது."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ரிப்பேரு ரொம்ப வருதே தம்பி" என்றார்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஊர் ஈரத்தில் மரம் முறுக்கும், கம்பி தொய்யும், கறையான் ஏறும். பழுது வரத்தான் செய்யும்.

பிறகு ஒரு காலை. முதல் பாடம் எனக்கு. சீக்கிரமே சைக்கிளில் போய்விட்டேன். கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் வலது இறக்கைக்கு அடியில் நின்று கம்பியின் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தார். இறுக்கவில்லை, தளர்த்திக்கொண்டிருந்தார். நேற்று மாலை அந்தக் கம்பியைக் கேப்டனே இழுத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

"அண்ணே, என்ன செய்றீங்க?"

கையை எடுக்கவில்லை. "தளத்துறேன்."

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு." என் முகத்தைப் பார்த்ததும், "பயப்படாதீங்க தம்பி. எத்தன சுத்து தளத்துறேனோ அத்தன சுத்து திரும்ப முறுக்கிருவேன். ஆபத்தா எதையும் நான் தொட்டதில்ல" என்றார்.

"எதுக்குண்ணே?"

"ஈரத்துல கம்பி தொங்கிருச்சு, சரி பண்ணிட்டேன்னு தொரைகிட்ட சொல்லுவேன். ஏத்துவாங்க."

எனக்குப் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் கோபம் வந்தது. இத்தனை நாள் இவரைப் பற்றி வீட்டில், தேவாலயத்தில், எங்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்!

அவர் கீழே குந்தி உட்கார்ந்து கையைத் துடைத்தார். "பஸ்ராவுல நாலு வருஷம் தம்பி. எத்தன ரெக்கைக்குத் துணி போட்டேன், எத்தன கம்பி கட்டுனேன். ஒரு நாளுகூட ஏத்தல. வெள்ளக்கார மெக்கானிக் ஏறுவான். நாங்க எடுபிடி ஆளுங்க, எங்களுக்கு எடமில்லன்னுட்டாங்க. இங்க வந்த பொறவு ஒரு தடவ கேப்டன் தொரை கோவத்துல கேட்டாரு, நீ கட்டுன ரெக்கைய நம்பி நீயே ஏறுவியான்னு. ஏறுறேன்னேன். அவரு அத வேற மாதிரி எடுத்துக்கிட்டாரு. நல்லவன், நேர்மைக்காரன்னு ஊரெல்லாம் சொன்னாரு. நான் இல்லன்னு சொல்லல."

"பறக்கணும்னு நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சிரிப்பாங்க. வேலைன்னு சொன்னா ஏத்துறாங்க."

"அப்படி மேல என்னதாண்ணே இருக்கு?"

அவர் யோசித்தார். யாரும் அதுவரை அவரிடம் அதைக் கேட்டதில்லை என்று தெரிந்தது. "மேலருந்து பாத்தா நான் தெனம் நிக்கிற எடம் தெரியும் தம்பி. அங்க நான் இல்ல" என்றார். சொன்ன பிறகு வெட்கப்பட்டவர் போல எழுந்து, கம்பியை மறுபடி முறுக்கத் தொடங்கினார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நல்ல கம்பியை இனிமேல் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். விமானம் அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒரு பழுதும் இல்லாமல் பறந்தது. கேப்டனுக்கு ஆச்சரியம். ரிக்கர் கீழேயே நின்றார். விசிறியைச் சுற்றிவிடுவார், சக்கரத்துக் கட்டையை இழுப்பார், புழுதிக்குக் கண்ணை மூடிக்கொள்வார். முன்பு லியோங்கோடு கையைக் காலை ஆட்டி ஏதாவது பேசிச் சிரிப்பார். அதுவும் நின்றது. ஒரு மனிதனிடமிருந்து எதைப் பிடுங்கினேன் என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது.

பறந்து இறங்கியதும் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதவேண்டும். எத்தனை நிமிடம், வண்டி எப்படி இருந்தது என்று. ஒரு சனிக்கிழமை நான் எழுதினேன்: 'இடது இறக்கை கனக்கிறது.' கனக்கவில்லை. விமானம் எந்தப் பக்கமும் சாயாமல் சாந்தமாகத்தான் பறந்தது. அவர் குறிப்பேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் போனார்.

மறுநாள் காலை முன்னிருக்கையில் அவர், பின்னிருக்கையில் நான். நல்ல வெயில். ரயில் பாதையைத் தாண்டி, தோட்டத் தொழிலாளர் லயங்களின் மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குன்றுகளின் பக்கம் வந்தோம். ஆயிரம் அடிக்கும் கீழே இருந்தோம். அப்போது இஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

அந்த அமைதியை இன்றுவரை என்னால் வேறெதோடும் ஒப்பிட முடிந்ததில்லை. கம்பிகளில் காற்று சீறுவது மட்டும்தான் கேட்டது. ஓடுதளம் பின்னால் இருந்தது. என் கை தானாகவே பிடியை அந்தப் பக்கம் சாய்த்தது.

குழாயில் குரல் வந்தது. "திரும்பாதீங்க தம்பி. திரும்புனவன் எவனும் சேந்ததில்ல. நான் பாத்திருக்கேன். நேரா போங்க."

நேரே தண்ணீர்தான் தெரிந்தது. சுரங்கம் தோண்டிவிட்டுப் போன குட்டைகள்.

"ரெண்டு குட்டைக்கு நடுவுல மணல் வரப்பு ஒண்ணு வரும். வெள்ளையா. கொஞ்சம் எடப்பக்கம். இன்னும் கொஞ்சம். இப்ப பாருங்க."

இருந்தது. அந்த இடத்தின் மேலே எத்தனையோ தடவை பறந்திருக்கிறேன், பார்த்ததில்லை. நாங்கள் மாணவர்கள் கருவி முள்ளையும் விமானத்தின் மூக்கையும் அடிவானத்தையும் பார்த்தோம். கீழே இருந்த ஊரைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

சக்கரம் மணலில் தட்டியது, ஓடியது, பிறகு புதைந்தது. பழைய பம்பு வீட்டுத் தூணில் இடது இறக்கை மோதி முறிய, விமானம் தலைகுப்புறச் சேற்றில் போய்க் குத்தியது. என் நெற்றி கிழிந்தது. அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஒரே கையால் என் வாரைக் கழற்றி இழுத்து வெளியே போட்டார். இருவரும் இடுப்பளவு சேற்றில் நின்றோம். "நல்லா எறக்கினீங்க தம்பி" என்றார்.

விசாரணை பத்து நாள் கழித்து, சங்கத்து அறையில். இஞ்சினைச் சேற்றிலிருந்து சங்கிலி கட்டி இழுத்ததில் குழாய்களெல்லாம் பிய்ந்திருந்தன. எது முன்பே உடைந்தது, எது இழுத்ததில் உடைந்தது என்று யாராலும் சொல்லமுடியவில்லை. குறிப்பேடு மட்டும் தெளிவாக இருந்தது. தலைவர் அதை வாசித்தார். சனிக்கிழமை இடது இறக்கை கனக்கிறது. அன்றே ரிக்கர் சரிசெய்தான். ஞாயிற்றுக்கிழமை விமானம் விழுந்தது. முறிந்தது இடது இறக்கை.

இஞ்சின்தான் நின்றது என்றேன்.

"விழுகிற மாணவர்கள் எல்லோரும் இஞ்சினைத்தான் சொல்கிறார்கள்" என்றார் தலைவர். மோசமான வேலைக்காக ரிக்கரை நீக்குவது என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். அப்படி ஒரு எழுத்தோடு வெளியே போனால் பேராக் மாநிலத்தில் எந்த ஆலையிலும் இஞ்சின் பக்கம் அவரைச் சேர்க்கமாட்டார்கள்.

"நான் எழுதியது பொய்" என்றேன்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். இறக்கையில் ஒரு குறையும் இருக்கவில்லை என்றேன். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றியது, தப்பாகக் கணித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது போதும். அவரும் தப்பியிருப்பார், நானும் தப்பியிருப்பேன். ஆனால் உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்ட வேகம் எனக்கு. முழுவதும் சொன்னேன். பழுது என்று எழுதினால் அவர் ஏறலாம் என்பதற்காக எழுதினேன் என்றேன். அவருக்குப் பறக்கப் பிடிக்கும் என்றேன். பஸ்ராவில் நாலு வருஷம் ஏற்றவில்லையாம் என்றேன்.

முதலில் யாரோ ஒருவர் மூக்கு வழியாகச் சிரித்தார். பிறகு மேசையைச் சுற்றி எல்லோரும். கெட்ட எண்ணத்தோடு சிரித்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு குழந்தை செய்ததைக் கேட்டுச் சிரிப்பது போல. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில், கட்டுப் போட்ட கையைத் தொங்கவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். நாலு வருஷம் ராணுவத்தில் இருந்தவருக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும்.

சங்கப் பதிவிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். அவர் வேலை தப்பியது. சங்கத்து வேலையாட்கள் எந்தக் காரணம் கொண்டும் விமானத்தில் ஏறக்கூடாது என்று புதிதாக ஒரு விதி எழுதினார்கள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரோடு நடந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது, நின்றோம்.

"இறக்கை நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னீங்க. அதோட நிறுத்தியிருக்கலாம் தம்பி."

"ஒங்க வேலையக் காப்பாத்தணும்னுதாண்ணே…"

"வேல போனா ரப்பர் வெட்டுக்காட்டுல போய் பால் எடுத்திருப்பேன் லா. அதுக்கென்ன." குரலை உயர்த்தவில்லை. "அது எனக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு. ஒங்ககிட்ட சொன்னேன். சொன்னது என் தப்புத்தான்."

கேட் திறந்ததும் எனக்காக நிற்காமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் அக்காவைக் கடைத்தெருவில் பார்த்தேன். "இப்ப அவரு ஏறமாட்டாருன்னு நான் நிம்மதியா இருக்கணும் தம்பி" என்றார். "ஆனா தட்டு முன்னால ஒக்காந்து சோத்தையே பாத்துக்கிட்டிருக்காரு."

குழந்தை பிறந்து சில மாதத்தில் அவர்கள் பாகான் டத்தோ பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே எண்ணெய் ஆட்டும் இஞ்சினுக்கு அவரை வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு தரம் போய்ப் பார்க்கலாம் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது கொட்டகையில். கை கூடியதும் அந்த விமானத்தை அவர்தான் மறுபடி கட்டினார். இறக்கை, சக்கரம், துணி எல்லாம் புதிது. முதல் ஏற்றத்தைப் பார்க்கச் சங்கத்தார் வந்திருந்தார்கள். நான் வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். லியோங் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டான்.

கேப்டன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, தலைவர் பார்க்கப் பார்க்க, முன்னிருக்கையைக் காட்டினார். "வா" என்றார்.

"சட்டம் இருக்கு தொரை" என்றார் அவர்.

"என் வண்டியில் யார் ஏறுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஏறிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். ஏறவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"கம்பியெல்லாம் நல்லாருக்கு தொரை. நான் ஏற வேண்டியதில்ல" என்றார்.

கொட்டகைக்குள் போய் ஒரு கோணியில் மணலை நிரப்பித் தோளில் தூக்கி வந்தார். எடை சரியாக இருக்கவேண்டுமே. அதை முன்னிருக்கையில் வைத்து, வாரை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, அசைகிறதா என்று ஆட்டிப் பார்த்தார். பிறகு விசிறியைச் சுற்றிவிட்டு ஒதுங்கினார்.

விமானம் எழும்பியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சக்கரத்துக் கட்டையின் கயிற்றை முழங்கையில் சுற்றத் தொடங்கினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எந்தப் பக்கம் போறாரு?" என்றார்.

"ரயில் பாதை பக்கம்ணே."

கயிற்றை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார். "காலை ரயிலு வர்ற நேரம். மேலருந்து பாத்தா மரத்துக்கு நடுவுல ரயிலு தெரியாது தம்பி. பொக மட்டுந்தான் தனியா ஓடும்" என்றார், தலையை நிமிர்த்தாமலே.